பீரங்கிக்குப் பின் அரை மணி நேரம்

சிட்னி – ஹோபார்ட் பாய்மரப் பந்தயத்தைக் கடலிலிருந்தே பார்க்க ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான படகுகள் புறப்படுகின்றன. பந்தயப் படகுகளில் இருப்பவர்கள் பல ஆண்டு பயிற்சியோடு வருகிறார்கள். வேடிக்கைப் படகுகளில் இருப்பவர்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கடலில் கால் வைக்கிறார்கள்.

டிசம்பர் 26, பகல் 12.50. சிட்னி துறைமுகத்தில் ஷார்க் தீவுக்கு வடக்கே பீரங்கி வெடிக்கிறது. போட்டி தொடங்க இன்னும் பத்து நிமிடம். தலைக்கு மேல் ஹெலிகாப்டர்கள் வட்டமிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டுக்குப் பின்னால் நூறு பாய்மரப் படகுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போய் வருகின்றன. அவற்றில் சில, நூறு அடி நீளமுள்ள ராட்சதப் படகுகள். கரும்பாய்கள் காற்றில் படபடக்கின்றன. கயிறுகள் உருளையில் இறுகும்போது எழும் முனகல் இருநூறு மீட்டர் தள்ளியும் கேட்கிறது.

இருபுறமும் வேடிக்கைப் படகுகள். இரண்டடுக்கு உல்லாசப் படகு, சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போகும் அலுமினியப் படகு, பழைய மரப் படகு என்று எல்லாம் கலந்து நிற்கின்றன. வாடகைக்கு எடுத்த எட்டு மீட்டர் மோட்டார் படகில் ஒரு தமிழ்க் குடும்பம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிசாதம் இன்னும் பிரிக்கப்படவில்லை. "அத்தை, இந்தப் பக்கம் வாங்க, இங்கேருந்து நல்லாத் தெரியுது!" என்று மருமகள் கூப்பிட, ஐந்து பேர் ஒன்றாக எழுந்து இடப்பக்கம் போகிறார்கள். படகு சட்டென்று சாய்கிறது. சுக்கானைப் பிடித்திருப்பவர் திரும்பிப் பார்த்து, "ரெண்டு பேர் அந்தப் பக்கம் போங்க, ப்ளீஸ்" என்கிறார்.

சரியாக ஒரு மணிக்கு மறுபடியும் பீரங்கி. கோட்டைத் தாண்டிப் படகுகள் பாய்கின்றன. அதே நொடியில் கரையோரம் காத்திருந்த வேடிக்கைப் படகுகளின் என்ஜின்களும் உறுமத் தொடங்குகின்றன. வந்த எல்லோரும் ஒரே திசையில், ஒரே நேரத்தில், ஒரே படகைத் துரத்தப் போகிறார்கள்.

மெல்போர்னில் கிரிக்கெட், சிட்னியில் பாய்மரம்

'பாக்ஸிங் டே' என்றால் நமக்கு மெல்போர்ன் மைதானத்து டெஸ்ட் போட்டி நினைவுக்கு வரும். அதே நாளில் சிட்னி மக்கள் கடலைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். 1945-ல் ஒன்பது படகுகளோடு தொடங்கியது இந்தப் பந்தயம். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் இல்லிங்வொர்த், 'ராணி' என்ற சிறு படகில் ஆறரை நாளுக்கு மேல் பயணம் செய்து முதலில் ஹோபார்ட் சேர்ந்தார். இப்போது பந்தயத்தை நடத்துவது ஆஸ்திரேலிய குரூயிஸிங் யாட் கிளப்.

நீளம் 628 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 1,163 கிலோமீட்டர். சிட்னியிலிருந்து தெற்கே இறங்கி, பாஸ் நீரிணையின் வாயைக் கடந்து, டாஸ்மேனியாவின் தலைநகரில் முடிகிறது. இந்தக் கடல் யாருக்கும் தயவு காட்டாது. 1998-ல் புறப்பட்ட 115 படகுகளில் 44 மட்டுமே ஹோபார்ட்டை எட்டின. ஐந்து படகுகள் மூழ்கின. ஆறு வீரர்கள் இறந்தார்கள். 2024-லும் இரண்டு வீரர்கள், இரண்டு வெவ்வேறு படகுகளில், பாயைத் தாங்கும் கட்டையும் கயிறும் தாக்கி உயிரிழந்தார்கள்.

இவையெல்லாம் நடுக்கடலில் நடந்தவை. வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு அந்தக் கடலைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய ஆபத்து துறைமுகத்துக்குள்ளேயே, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே இருக்கிறது. அதனால்தான் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

┌──────────────
எண்களில் பந்தயம்
தொடக்கம்: டிசம்பர் 26, பிற்பகல் 1 மணி. 10 நிமிடம் முன்பும் 5 நிமிடம் முன்பும் எச்சரிக்கை வெடி.
அதிகப் படகுகள்: 1994-ல், 50-வது பந்தயத்தில் 371.
சாதனை நேரம்: 2017-ல் 'கமாஞ்சி' படகு, 1 நாள் 9 மணி 15 நிமிடம் 24 விநாடி.
நடக்காத ஆண்டு: 2020, கொரோனாவால்.
ஒரு 'நாட்' வேகம்: மணிக்கு 1.85 கிலோமீட்டர்.
└──────────────

முட்டுக்கட்டை இல்லாத தேர்

திருவாரூர்த் தேரோ திருவில்லிபுத்தூர்த் தேரோ, ஓடும்போது சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு ஆட்கள் நிற்பார்கள். தேரைத் திருப்பவும் நிறுத்தவும் அவர்கள்தான். நூறு அடிப் பாய்மரப் படகும் கனமான, உயரமான ஒன்றுதான். ஆனால் அதற்கு முட்டுக்கட்டை போட யாரும் இல்லை.

எடை முப்பது டன் அளவுக்கு. பாய்மரம் நீர்மட்டத்திலிருந்து 45 மீட்டர் வரை உயரும். நீருக்கடியில் ஐந்து மீட்டருக்கும் மேல் ஆழத்துக்கு அதன் அடித்தண்டு இறங்கியிருக்கும். போட்டி நடக்கும்போது என்ஜினைக் கொண்டு படகை நகர்த்தக் கூடாது என்பது பந்தய விதி. எனவே பின்னோக்கி இயக்கி நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நிறுத்த வேண்டுமென்றால் பாயைத் தளர்த்த வேண்டும், அல்லது படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்ப வேண்டும். இரண்டுக்கும் நேரம் வேண்டும், இடமும் வேண்டும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். நல்ல காற்றில் இந்தப் படகுகள் 20 நாட் வேகத்தை எட்டும். விநாடிக்குப் பத்து மீட்டருக்கும் சற்று அதிகம். வேடிக்கைப் படகு ஆறு நாட் வேகத்தில், விநாடிக்கு மூன்று மீட்டர் வீதம் ஊர்கிறது. பந்தயப் படகின் எதிரே 150 மீட்டர் அகலத்தைக் குறுக்காகக் கடக்க அதற்கு ஐம்பது விநாடி ஆகும். அந்த ஐம்பது விநாடியில் பந்தயப் படகு அரைக் கிலோமீட்டர் வந்திருக்கும். 'அது தூரத்தில்தானே இருக்கிறது, சட்டென்று கடந்துவிடலாம்' என்று மனம் சொல்வது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் படகைச் செலுத்துபவருக்கு நீங்கள் தெரியாமலே இருக்கலாம். சுக்கான் படகின் பின்பகுதியில் இருக்கிறது. முன்பாய் தளத்தையே உரசிக்கொண்டு இறங்குவதால், படகு சாயும் பக்கத்தில் முன்னால் என்ன இருக்கிறது என்பதை அது முழுவதுமாக மறைத்துவிடும். அதனால் நுனியில் ஒருவர் நின்று, விரல்களால் சைகை காட்டி வழி சொல்கிறார். கரையிலிருந்து பார்க்கும்போது அது அழகாக இருக்கும். அந்தச் சைகையை நம்பித்தான் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் பாய்ந்து வருகிறார்கள் என்பது எதிரே சிறுபடகில் இருப்பவருக்கு உறைக்க வேண்டும்.

காற்று எந்தப் பக்கம்?

எங்கே போய் நிற்பது? சிட்னியில் முதல்முறை பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது இதுதான். பதில் சொல்ல வேண்டியது காற்று.

பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிராகப் போக முடியாது. ஏறத்தாழ 45 பாகை சாய்வில் ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் போய், இப்படி வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். தொடக்கக் கோட்டிலிருந்து துறைமுக வாய் வடகிழக்குப் பக்கமாக இருக்கிறது. கோடைப் பிற்பகலில் சிட்னியில் பெரும்பாலும் அடிப்பது வடகிழக்குக் கடற்காற்று. அன்றும் அதுவே அடித்தால், பந்தயப் படகுகள் துறைமுகத்தின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக ஊடாடிக்கொண்டே வாயை நோக்கிப் போகும். நம்மைவிட்டு விலகிப் போகிறது என்று நினைத்த படகு ஒரே நொடியில் கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்பி நம் மீதே வரும். தொடக்கக் கோட்டிலிருந்து ஒரு படகின் போக்கை நீட்டிக் கோடு போட்டுப் பார்த்து, 'இது நம் பக்கம் வராது' என்று நினைக்கவே கூடாத நாள் அது.

தென்காற்று அடித்தால் கதை வேறு. பின்னாலிருந்து காற்று தள்ள, பலூன் போன்ற ஸ்பின்னக்கர் பாயை விரித்துக்கொண்டு எல்லாம் நேராக வாய்க்குப் பறக்கும். பெரிய படகுகள் பத்து நிமிடத்துக்குள் வெளியேறிவிடும். பார்ப்பதற்கு இதுபோல் இன்னொன்று கிடையாது. ஆனால் அந்த வேகத்தில் ஸ்பின்னக்கர் கட்டுப்பாட்டை மீறினால், படகு பக்கவாட்டில் படுத்து எந்தத் திசையிலும் திரும்பிவிடக்கூடும்.

இதையும் தாண்டி 'சதர்லி பஸ்டர்' என்று ஒன்று உண்டு. வெயில் கொளுத்தும் நாளில் தெற்கிலிருந்து திடீரென்று வந்து மோதும் குளிர்காற்று. சில நிமிடங்களில் வெப்பநிலை பத்து பாகைக்கும் மேல் இறங்கும். காலையில் வானிலை அறிக்கையில் அந்தப் பெயர் இருந்தால், சிறுபடகில் போகிறவர்கள் திட்டத்தையே கைவிடுவது நல்லது. பணம் போனால் போகட்டும்.

துறைமுகத்துக்குள்ளேயே இன்னொரு பொறி இருக்கிறது. வாட்ஸன்ஸ் பே பகுதிக்கும் மிடில் ஹெட் முனைக்கும் நடுவே 'ஸோ அண்ட் பிக்ஸ்' என்ற நீரடிப் பாறைத்திட்டு. கப்பல்கள் அதற்குக் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள கால்வாய்கள் வழியே போகும். பந்தயத்தைப் பார்த்துக்கொண்டே படகை ஓட்டுகிறவர் திசைக்குறிகளைப் பார்ப்பதில்லை. ஓட்டுகிறவர் வேடிக்கை பார்க்கக் கூடாது. பார்க்க ஆசைப்பட்டால் அன்றைக்கு ஓட்டக் கூடாது.

கோடு போட்ட நீர்

நியூ சவுத் வேல்ஸ் அரசின் கடல் போக்குவரத்துத் துறை, பந்தயத்துக்காகத் துறைமுகத்தின் நடுப்பகுதியைத் தடைசெய்யப்பட்ட எல்லையாக அறிவிக்கிறது. ஷார்க் தீவுக்கு வடக்கே தொடங்கித் துறைமுக வாய் வரை நீளும் இந்த எல்லைக்கு மிதவைகள் குறியிடும். போலீஸ் படகுகளும் அரசுப் படகுகளும் ஓரங்களில் ரோந்து வரும். எல்லைக்கு வெளியேயும் ஆறு நாட் வேகக் கட்டுப்பாடு உண்டு. அதாவது மணிக்குப் பதினொரு கிலோமீட்டர், ஒரு சைக்கிள் வேகம்கூட இல்லை. அந்த ஆண்டின் வரைபடம் முன்கூட்டியே வெளியாகும். படகை ஓட்டப் போகிறவர் அதைத் தாளில் அச்சடித்துக் கையோடு வைத்திருக்க வேண்டும். நீரின் நடுவே வெயிலில் கைபேசித் திரை தெரியாது.

வேகத்துக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? வேகமாகப் போகும் ஒவ்வொரு மோட்டார் படகும் பின்னால் அலையைக் கிளப்பும். அந்த அலை பந்தயப் படகின் வேகத்தைக் குலைக்கும். மோட்டார் படகின் உயர்ந்த மேல்கட்டு காற்றையும் மறித்துக் கலக்கும். ஓராண்டு உழைத்துத் தயாரான குழுவினர், யாரோ ஒருவர் நல்ல புகைப்படம் எடுக்க முண்டியதால் துறைமுகத்துக்குள்ளேயே சில படகு நீளம் பின்தங்கிப்போவது அநியாயம். பந்தயத்துக்கு வெளியே உள்ள படகு ஒதுங்க வேண்டிய இடத்தில் ஒதுங்காமல் மோதிச் சேதப்படுத்தினால், பாதிக்கப்பட்ட குழு பந்தய நடுவர்களிடம் நிவாரணம் கேட்கலாம். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் உடைந்த பாய்மரத்தோடு ஹோபார்ட் போக முடியாது.

வேடிக்கைக் கூட்டம் பந்தயத்தையே கெடுத்த கதை பழையது. 1895-ல் நியூயார்க் அருகே நடந்த அமெரிக்காஸ் கோப்பைப் பந்தயத்தில், பிரபு டன்ரேவன் தன் 'வால்கிரி 3' படகோடு இங்கிலாந்திலிருந்து வந்திருந்தார். கடலை மொய்த்துக்கொண்டிருந்த நீராவிப் படகுகளைப் பற்றி முதல் நாளிலிருந்தே புகார் சொன்னார். இரண்டாம் போட்டி தொடங்கும் முன், பார்வையாளர் நீராவிப் படகு ஒன்று இடையில் புகுந்ததில் வரிசை குலைந்தது. அவர் படகு எதிராளியின் 'டிஃபெண்டர்' மீது உரச, அவர் தகுதி நீக்கப்பட்டார். மூன்றாம் போட்டியில் கோட்டைத் தாண்டிய கையோடு திரும்பி விலகிவிட்டார். இரு நாட்டுப் படகுக் கழகங்களுக்கிடையே நெடுநாள் கசப்பு நீடித்தது. அடுத்த ஆண்டே, 1896-ல், இத்தகைய பந்தயங்களின்போது பயணிகள் படகுகளைக் கட்டுப்படுத்த அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. இன்று சிட்னியில் மிதக்கும் மிதவைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

┌──────────────
நிபுணர்களே தப்புக் கணக்குப் போட்டால்…
2017. பந்தயம் தொடங்கிச் சில நிமிடங்கள். இரண்டு நூறடிப் படகுகளான 'வைல்ட் ஓட்ஸ் 11', 'கமாஞ்சி' துறைமுகத்துக்குள்ளேயே நேருக்குநேர் வந்தன. வழிவிட வேண்டிய 'வைல்ட் ஓட்ஸ்' மிக நெருக்கத்தில் திரும்ப, மோதலைத் தவிர்க்க 'கமாஞ்சி' சட்டென்று விலக வேண்டியதாயிற்று. ஹோபார்ட்டுக்கு முதலில் போய்ச் சேர்ந்தது 'வைல்ட் ஓட்ஸ்'தான். நடுவர் குழு ஒரு மணி நேரத்தைத் தண்டமாகக் கூட்ட, முதலிடம் 'கமாஞ்சி'க்குப் போனது. உலகின் தேர்ந்த மாலுமிகளுக்கே அந்த நெருக்கத்தில் கணக்குத் தவறுகிறது.
└──────────────

எல்லோரும் கிளம்பும் நேரம்

பந்தயத் தொடக்கத்தைவிட எனக்குப் பயம் தருவது அதற்கடுத்த அரை மணி நேரம்தான். பீரங்கி வெடிக்கும்வரை எல்லோரும் ஒழுங்காக நிற்கிறார்கள். முதல் படகு கடந்ததும் அந்த ஒழுங்கு உடைகிறது. பெரிய படகுகளைத் துறைமுக வாய்வரை துரத்த வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது.

நூற்றுக்கணக்கான படகுகள் கிளப்பும் அலைகள் ஒன்றையொன்று வெட்டும். அதே இடத்தில் வெளிக்கடலின் பேரலை வாய் வழியே உள்ளே வருகிறது. வாயின் இருபுறமும் செங்குத்தான மணற்பாறைச் சுவர்கள். அவற்றில் மோதிய அலை திரும்பி வருகிறது. மூன்று பக்கமிருந்தும் அலைகள் சேரும் இடத்தில் எதற்கும் ஒழுங்கான தாளம் இல்லை. பெரிய படகு தாங்கும். ஐந்து மீட்டர் அலுமினியப் படகின் முன்பகுதி ஒரு அலையின் மேலேறி, அடுத்ததன் பள்ளத்தில் விழுந்து, மூன்றாவதற்குள் மூக்கை நுழைக்கும். ஒரு தடவை தண்ணீர் உள்ளே வந்தால் படகு கனக்கும். கனத்த படகு அடுத்த அலைக்கு எழும்பாது.

முன்முனையில் கால்களைத் தொங்கப் போட்டு உட்காருவது அப்போதுதான் உயிரைக் குடிக்கிறது. ஒரு குலுக்கலில் ஆள் முன்னால் விழுந்தால், அவர் மேலேயே படகு ஏறும். பின்னால் சுழலி காத்திருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் இப்படி உட்காருவது சட்டப்படி குற்றம். படகு ஓடும்போது கையோ காலோ படகின் விளிம்புக்கு வெளியே இருக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு ஏறும்போதே சொல்லிவிட வேண்டும்.

யாராவது நீரில் விழுந்துவிட்டால்? முதல் வேலை, சுழலியை ஓடாமல் நிறுத்துவது. அதே நேரம் ஒருவர் விழுந்தவரைக் கையால் சுட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை எடுக்கவே கூடாது. அலைகளுக்கிடையே ஒரு தலையை ஒரு தடவை தவறவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது அபூர்வம். மிதக்கும் வளையமோ, ஐஸ் பெட்டியின் மூடியோ, எது கையில் கிடைத்தாலும் வீசலாம். அவசர அழைப்புக்கு வானொலியில் 16-வது அலைவரிசை.

அந்த அரை மணி நேரத்தை எப்படிக் கழிப்பது? கிளம்பாமல் இருப்பதுதான் வழி. முன்கூட்டியே போய், தடை எல்லைக்கு வெளியே, மேற்குக் கரையோரம் இடம் பிடித்துவிட்டு அங்கேயே இருந்தால் நூறு படகுகளும் கண்முன் கடந்துபோகும். கடைசிப் படகும் போன பிறகு, கூட்டம் கலைந்து நீர் அடங்கும்வரை காத்திருந்து, வந்த வழியே மெதுவாகத் திரும்பலாம். சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். துரத்திப் போகிறவர் பார்ப்பது தூரத்தில் ஒரு பாயின் முதுகை மட்டுமே.

சிலர் வாய்க்கு வெளியே போய்க் காத்திருப்பதும் உண்டு. அது அனுபவசாலிகளின் வேலை. அங்கே கடலில் இருக்கும் மிதவையைச் சுற்றிப் பந்தயப் படகுகள் வலப்பக்கம், தெற்கே திரும்புகின்றன. அது தெரியாமல் தென்புறம் போய் நின்றால், மொத்தப் பந்தயமும் உங்கள் மீதே வந்து கவியும்.

பெரும்பாலானோர் மறப்பது சிட்னி ஃபெரிகளை. ஆரஞ்சு நிற வைரக் குறி தாங்கிய ஃபெரிகளுக்கு இந்தத் துறைமுகத்தில் பாய்மரப் படகுகளையும் முந்திய முன்னுரிமை உண்டு. பந்தய நாளிலும் அவை ஓடுகின்றன. எல்லோரும் பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, முதுகுப் பக்கமாக ஒரு ஃபெரி வரும்.

ஒரே பக்கம் சாய்ந்தவர்கள்

படகுக் கூட்டம் என்றால் நமக்கு வலிக்கும் நினைவுகள் சில உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். படகின் அமைப்பிலேயே குறை இருந்ததாக விசாரணையில் வெளிவந்தது. கரையில் தெரிந்த காட்டு விலங்குகளைப் பார்க்க மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகத் திரண்டதும் காரணமாகப் பேசப்பட்டது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் 22 பேர். லைஃப் ஜாக்கெட் இல்லை. 1915-ல் சிகாகோவில் 'ஈஸ்ட்லேண்ட்' என்ற உல்லாசக் கப்பல், கரையில் கட்டியிருந்த நிலையிலேயே கவிழ்ந்து 844 பேரைப் பலிகொண்டது. மேல்பாரம் மிகுந்த கப்பல் அது.

பாய்மரப் பந்தயத்தின் இயல்பே கூட்டத்தை ஒரு பக்கம் இழுப்பதுதான். பந்தயம் இடப்பக்கம் நடந்தால் வலப்பக்கம் நிற்க யாருக்கு மனம் வரும்? பத்து பேர் ஒரு பக்கம் நகர்ந்தால் அறுநூறு, எழுநூறு கிலோ நகர்கிறது. அதுவும் மேல்தளத்தில் நகர்ந்தால் சாய்வு இன்னும் கூடும். அந்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு அலை வந்தால் மீளும் வாய்ப்பு குறைகிறது. ஆகவே நல்ல படகோட்டி பயணிகளை நகர்த்துவதில்லை, படகைத் திருப்புகிறார். மூக்கைப் பந்தயத்தை நோக்கி வைத்தால் இருபுறத்தில் உள்ளவர்களும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அலையும் பக்கவாட்டில் அடிக்காமல் எதிரே வந்து பிளந்து போகும். புறப்படும் முன்பே, 'பந்தயம் வரும்போது படகின் மூக்கை அந்தப் பக்கம் திருப்புவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே அந்த ஆளின் அனுபவம் தெரிந்துவிடும்.

┌──────────────
ஏறும் முன் கேளுங்கள்
எத்தனை பேர் ஏறலாம்? சான்றிதழில் உள்ள எண்ணைத் தாண்டினால் இறங்கிவிடுங்கள். வணிகப் படகு என்றால் ஆட்களை எண்ணிச் சரிபார்ப்பது நடத்துபவரின் கடமை.
குழந்தைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா? பெரியவர் ஜாக்கெட் குழந்தைக்குத் தலைவழியே கழன்றுவிடும். நியூ சவுத் வேல்ஸில் 4.8 மீட்டருக்குக் குறைவான படகில் 12 வயதுக்கு உட்பட்டவர்கள் எப்போதும் அணிந்தே இருக்க வேண்டும். நான் சொல்வது, அன்றைக்கு எல்லா வயதினரும் அணியட்டும்.
ஓட்டுபவர் குடித்திருக்கிறாரா? சாலையில் உள்ள 0.05 வரம்பு நீரிலும் உண்டு. பண்டிகைக் கால மதிய உணவுக்குப் பின் இது கேட்கத் தயங்கக் கூடாத கேள்வி.
நங்கூரம் எங்கே? கடலடி வடங்கள் போகும் இடத்தில் போடக் கூடாது. பக்கத்துப் படகு எவ்வளவு கயிறு விட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். காற்று திரும்பினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்து மோதும்.
└──────────────

வெயிலும் வயிறும்

டிசம்பர் கடைசி வாரத்தில் சிட்னியின் புற ஊதாக் கதிர் அளவு பதினொன்றைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நீரிலிருந்து எதிரொளிக்கும் வெயிலும் சேரும். விளிம்பு வைத்த தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். ஓட்டுபவர் மயங்கினால் யார் சுக்கானைப் பிடிப்பது என்பதையும் முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

நின்ற இடத்தில் ஆடும் படகு, ஓடும் படகைவிட அதிகமாகக் குமட்டும். கைபேசித் திரையையும் பைனாகுலரையும் நெடுநேரம் பார்ப்பது குமட்டலைக் கூட்டும். அடிவானத்தைப் பார்ப்பது தணிக்கும். வாந்தி வருகிறது என்று விளிம்பில் குனிபவரை இன்னொருவர் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். குமட்டல் மாத்திரை எடுப்பதென்றால் மருத்துவரைக் கேட்டு, கரையிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு அது வேலை செய்வது கஷ்டம்.

கரையே சிறந்த இருக்கை

கைக்குழந்தை இருந்தாலும், வயதானவர்கள் இருந்தாலும், படகோட்டத் தெரிந்தவர் வீட்டில் யாரும் இல்லையென்றாலும், முதல் தடவையாகப் பார்க்கிறவர்கள் கரையிலிருந்து பார்ப்பதே நல்லது என்பேன். செலவும் இல்லை. தொடக்கத்தைப் பார்க்க நீல்ஸன் பார்க், பிராட்லீஸ் ஹெட். பந்தயம் வாயை நோக்கி வருவதைப் பார்க்க ஜார்ஜஸ் ஹெட். முழு வாயும், வெளிக்கடலில் மிதவையைச் சுற்றித் திரும்புவதும் தெரிய வேண்டுமென்றால் நார்த் ஹெட்டும் சவுத் ஹெட்டும்.

சவுத் ஹெட் முனையில் சிவப்பு வெள்ளைப் பட்டையோடு நிற்கிறது ஹோர்ன்பி கலங்கரை விளக்கம். 1857-ல் 'டன்பார்' என்ற கப்பல் இருட்டில் இந்த வாயைத் தவறவிட்டுப் பாறையில் மோதி 121 பேர் இறந்தார்கள், ஒருவர் மட்டுமே தப்பினார். அதன் பிறகு 1858-ல் கட்டியது. அதன் அருகே நின்றால் பந்தயப் படகுகள் வாயைக் கடந்து தெற்கே சாய்ந்து போவதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். காரை விட்டுவிட்டுப் பஸ்ஸிலோ ஃபெரியிலோ போவது உத்தமம். வாட்ஸன்ஸ் பே பக்கத்துத் தெருக்கள் காலையிலேயே நிரம்பிவிடும். பதினொரு மணிக்குள் போய்விட்டால் நிழலுள்ள இடம் கிடைக்கும்.